மலையில் வாழைக்காய், பட்டணத்தில் வறுவல்



ஆப்பிரிக்கா என்றதும் உங்கள் மனத்தில் எழும் காட்சி எது? சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வெயில் கொளுத்தும் பாலைவனம். என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். இன்று நான் உங்களை அழைத்துப் போவது வாழையும் காப்பியும் வாய்க்கால் தண்ணீரும் நிறைந்த வேறோர் ஆப்பிரிக்காவுக்கு. கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படமும், நான் படித்துச் சேர்த்த குறிப்புகளும் போதும்.

படத்தில் கோலாலம்பூர்மேல் விரலை வையுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. இப்போது விரலை மேற்கே நகர்த்தி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, நடுக்கோட்டுக்குத் தெற்கே 3 பாகைக்கு இறக்குங்கள். தான்சானியா நாடு வந்துவிட்டது. அங்கே 5,895 மீட்டர் உயரத்துக்குத் தனியாக எழுந்து நிற்கிறது கிளிமஞ்சாரோ. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை அது. உச்சியில் பனி, நடுவில் காடு, அதற்குக் கீழே சரிவு முழுவதும் பச்சை. அந்தப் பச்சைக்குள்தான் சாக்கா இன மக்கள் வாழ்கிறார்கள்.

அவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்குக் கிஹாம்பா என்று பெயர். தோட்டம் என்றதும் வரிசை வரிசையாய் நிற்கும் ரப்பரையோ செம்பனையையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். இது துரைமாரின் தோட்டமல்ல. ஒரு குடும்பத்தின் சொந்த நிலம். மேலே உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றின் கீழே வாழை, வாழை நிழலில் காப்பிச் செடி, தரையோடு சேம்பும் பீன்ஸும் கீரையும். மாடுகள் கொட்டிலிலேயே கட்டிக் கிடக்கும். வாழைத் தண்டும் புல்லும் அவற்றுக்குத் தீனி, சாணம் வாழைக்கு உரம். மலையோடைகளிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால்கள் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. காப்பி விற்பதற்கு 1933-இலேயே சொந்தக் கூட்டுறவுச் சங்கம் கண்ட மக்கள் இவர்கள்.

காப்பி காசுக்கு. வாழை வயிற்றுக்கு. பச்சை வாழைக்காயை இறைச்சியோடு குழைய வேகவைத்து ம்டோரி என்ற சூப் செய்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு இதுதான் பத்தியம். வாழைக்காயையும் பீன்ஸையும் ஒன்றாக வேகவைத்தால் கிபுரு. ம்சிச்சா என்றொரு கீரை உண்டு. பெயர்தான் புதிது, நம் தண்டுக்கீரை இனம்தான். கேழ்வரகு அங்கே உலேசி. கஞ்சியாகவும் குடிப்பார்கள், புளிக்க வைத்தும் குடிப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. வாழை நம் பக்கத்துப் பயிர். தென்கிழக்காசியாவிலும் நியூ கினியிலும்தான் மனிதன் அதை முதலில் பயிராக்கினான். அது கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. கேழ்வரகோ கிழக்காப்பிரிக்க மேட்டு நிலங்களில் பிறந்து இந்தியாவுக்கு வந்தது. கம்பு, சோளம், தட்டைப்பயறு மூன்றும் ஆப்பிரிக்காவில் பிறந்தவைதாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதால், நம் பாட்டிமார் அவற்றை நம் சொந்தத் தானியம் என்றே எண்ணிவிட்டார்கள். ஆகவே, கிஹாம்பா வீட்டு அடுப்பங்கரையில் நாம் அந்நியர் அல்லர்.

சரி, இனி மலையிலிருந்து கீழே இறங்குவோம். மாராங்கு என்ற ஊரிலிருந்து மோஷி பட்டணத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சிறு வண்டிகளில் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வண்டிகளில் போகிறவர்களில் இளைஞர்கள் அதிகம். காரணம் எளிது. தகப்பனின் கிஹாம்பாவைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரித்து, இப்போது பிரிப்பதற்கு நிலமில்லை. ஒருவன் மோஷிக்குப் போகிறான், ஒருவன் அருஷாவுக்கு, இன்னொருவன் தாருஸ்ஸலாமுக்கு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டணத்தில் அவனுக்கு வாழைத் தோப்பு இல்லை. அறை வாடகை உண்டு, கரியடுப்பு உண்டு. பீன்ஸ் வேக மணிக்கணக்காகும். அடுப்புக்கரி காசு கொடுத்து வாங்குவது. வேலை முடிந்து இரவில் வருகிறவன் பீன்ஸ் வேகும்வரை காத்திருப்பானா? தெருமுனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவல் குவிந்திருக்கிறது. அதைச் சட்டியில் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, கண்ணெதிரே திருப்பிப் போட்டுக் கொடுக்கிறார்கள். சிப்சி மயாய் என்று பெயர். சூடாக இருக்கிறது, வயிறு நிறைகிறது, கூடவே ஒரு போத்தல் குளிர்ந்த சோடா. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து மளிகைக் கடைக்குப் போவோம். தான்சானியாவில் அன்றாடச் சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறிய களி அது. கடையில் மாவு இரண்டு வகை. ஒன்று டோனா, உமியும் முளையும் சேர்த்து முழுதாக அரைத்தது. நிறம் மங்கல், நாக்கில் சற்றுக் கரகரக்கும், முளையில் எண்ணெய் இருப்பதால் நெடுநாள் தாங்காது. மற்றது செம்பே, உமியும் முளையும் நீக்கி அரைத்தது. பூப்போல வெள்ளை, பல நாள் கெடாது. விருந்தாளிக்கு எதைப் போடுவீர்கள்? பட்டணத்துக் குடும்பங்கள் பலவும் செம்பேயைத்தான் விரும்புகின்றன. வெள்ளையாக இருப்பது நாகரிகம், மங்கலாக இருப்பது ஏழ்மை என்ற எண்ணம் எந்த நாட்டுக் கடையிலும் விலைபோகிறது.

உமியை நீக்கினால் என்ன ஆகும்? இதற்கு நாம் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் சாப்பிடுவதில் சர்க்கரையும் மாவும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே நம் உடம்பில் சேர்ந்துவிடும். நார்ச்சத்து மட்டும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அதுதான் அந்த நுண்ணுயிர்களுக்குச் சோறு. அவை அதைப் புளிக்க வைத்து, பியூட்டிரேட் முதலிய சில அமிலங்களைத் தருகின்றன. குடலின் உள்சுவரில் உள்ள உயிரணுக்கள் அந்தப் பியூட்டிரேட்டைத்தான் தங்கள் முக்கிய உணவாகக் கொள்கின்றன. நாம் உமியைக் கொடுக்கிறோம், அவை வாடகை தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். உமி வராவிட்டால் வாடகையும் வராது. எலிகளை வைத்துச் செய்த சோதனையில், நார்ச்சத்து கிடைக்காத நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் வழவழப்புப் படலத்தையே தின்னத் தொடங்கியதைக் கண்டிருக்கிறார்கள்.

இந்த நார்ச்சத்தின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னதில் கிழக்காப்பிரிக்காவுக்குப் பெரும் பங்கு உண்டு. தான்சானியாவின் பக்கத்து நாடு உகாண்டா. அங்கே 1946-இல் வந்து சேர்ந்தார் டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். சிறு வயதில் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். தலைநகர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் பல்லாண்டு வேலை செய்தார். தம் நாட்டில் நாள்தோறும் காணும் குடல்வால் வீக்கம், குடற்பை நோய், பெருங்குடல் புற்றுநோய் போன்றவை உகாண்டாக் கிராமத்தாரிடம் அரிதாக இருப்பது அவர் கருத்தைக் கவர்ந்தது. ஹியூ ட்ரோவெல் என்ற மூத்த மருத்துவரும் முன்பே இதைக் கவனித்திருந்தார்.

பர்கிட்டும் அவருடைய நண்பர்களும் செய்த ஆராய்ச்சியைச் சொன்னால் சிலர் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். ஆனாலும் சொல்கிறேன். எக்ஸ்ரே படத்தில் தெரியும் சிறு மணிகளை விழுங்கச் சொல்லி, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியே வருகின்றன என்று கணக்கிட்டார்கள். மலத்தை நிறுத்தும் பார்த்தார்கள். 1972-இல் வெளியான கணக்கு இது: உகாண்டாக் கிராமத்தாருக்கு ஏறக்குறைய 35 மணி நேரம், இங்கிலாந்தின் கடற்படைக் குடும்பத்தாருக்கு 80 மணி நேரத்துக்கு மேல். எடையோ கிராமத்தாருக்கு நாளொன்றுக்குச் சுமார் 470 கிராம், மற்றவர்களுக்குச் சுமார் 100 கிராம். பர்கிட் சொன்னவற்றில் எல்லாமே பின்னாளில் அப்படியே நிலைத்து நிற்கவில்லை. ஆயினும் நார்ச்சத்துக் குறைந்த உணவு குடலுக்குக் கேடு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

மோஷிக்குத் திரும்புவோம். அந்தப் பட்டணத்தில் 1971-இல் திறக்கப்பட்ட பெரிய கிறித்துவ மருத்துவமனை ஒன்று இருக்கிறது. அதன் ஆராய்ச்சியாளர்களும் நெதர்லாந்து நாட்டவரும் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 2025 ஏப்ரலில் வெளிவந்தது. நல்ல உடல்நலமுள்ள 77 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கிராமத்து உணவில் வளர்ந்தவர்கள் சிலருக்கு இரண்டு வாரம் பட்டணத்துச் சாப்பாடு. பதப்படுத்திய, பொரித்த, கலோரி மிகுந்த உணவு. பட்டணத்து இளைஞர்கள் சிலருக்கு இரண்டு வாரம் பாட்டன் காலத்துச் சாப்பாடு. கீரை, பீன்ஸ், வாழைக்காய், தானியம்.

பதினான்கே நாள். கிராமத்துச் சாப்பாட்டை விட்டவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதங்கள் கூடின. அழற்சி என்பது உடம்புக்குள் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு. வெளியே தெரியாது, நாளடைவில் நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்கு அது துணை போகும். நோய்க்கிருமியை எதிர்க்கும் அணுக்களின் சுறுசுறுப்பும் அவர்களுக்குக் குறைந்தது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிய பட்டணத்தாருக்கோ அந்த நெருப்பு தணிந்தது. சோதனை முடிந்து நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோதும் சில மாற்றங்கள் மறையாமல் இருந்தன.

மூன்றாவது பிரிவு ஒன்றும் இருந்தது. அவர்களுக்கு ஒரு வாரம் ம்பெகே என்ற பானம் கொடுத்தார்கள். வாழைப்பழமும் முளைகட்டிய கேழ்வரகும் புளித்து உண்டாவது. அவர்களுக்கும் அழற்சி தணிந்தது. அதில் மது உண்டு என்று சொன்னதும் சில அண்ணன்மார் காதைத் தீட்டிக்கொள்வது எனக்குத் தெரிகிறது! கள்ளுக்கடையால் அழிந்த குடும்பங்களை நம் தோட்டங்கள் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டன. இதை அதற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். தான்சானியாவிலேயே டோக்வா என்று, சிறு பிள்ளைகளும் குடிக்கும் புளித்த தானியக் கஞ்சி இருக்கிறது.

மோஷியில் சோதித்தது இரத்தத்தை. குடலையே உள்ளே பார்த்த சோதனை இன்னொன்று உண்டு. அதற்கு நாம் தெற்கே வெகுதூரம், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நாட்டுப்புறத்துக்குப் போக வேண்டும். அந்த ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர் 20 பேர், குவாசூலு கிராமத்தார் 20 பேர். பூர்வீகம் ஒரே கண்டம், வாழ்வு வேறு. ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கரில் இலட்சம் பேருக்கு 65 பேரைத் தாக்கும் பெருங்குடல் புற்றுநோய், தென்னாப்பிரிக்கக் கிராமத்தாரில் இலட்சத்துக்கு 5 பேரைக்கூடத் தாக்குவதில்லை என்பதால்தான் இந்த ஆராய்ச்சியே எழுந்தது.

குழாய் வைத்துக் குடலைப் பார்த்தபோது, அமெரிக்கர்களில் 9 பேருக்குச் சிறு சதைமுளைகள் இருந்தன. கிராமத்தாரில் ஒருவருக்கும் இல்லை. பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கரின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. கிராமத்தாருக்கு 66 கிராமிலிருந்து 12 கிராமாக இறங்கியது, கொழுப்பு ஏறியது. முடிவில், அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. கிராமத்தாருக்குப் பாதியாயிற்று. குடல்சுவரின் அழற்சியும் அவ்வாறே இடம் மாறிற்று.

இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, போய்விடவும் செய்யாது. இரண்டு சோதனையிலும் ஆட்கள் கொஞ்சம். மோஷி சோதனையில் பெண்களே இல்லை. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. பட்டணம் போனவனின் உடம்பு அந்தப் பதினான்கு நாளிலேயே மாறத் தொடங்குகிறது. திரும்பி வருவதற்கும் அது அவ்வளவு சீக்கிரமே ஆயத்தமாக இருக்கிறது. இதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கிராமத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்ட தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் ஆப்பிரிக்கக் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கின்றன. குழாய்த் தண்ணீரும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் பட்டணத்தில்தான் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அந்த இளைஞன் மலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்ல நாம் யார்? திரும்பினாலும் அவனுக்கு நிலம் எங்கே? பட்டணத்தில் இருந்துகொண்டே அந்தப் பானையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்று காட்டுகிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். சந்தை ஓரத்திலும் வேலைத்தலத்தின் அருகிலும் பெரிய பானைகளோடு உட்கார்ந்து சோறு விற்கும் பெண்களை மாமா லிஷே என்கிறார்கள். சோறூட்டும் அம்மா என்று பொருள் கொள்ளலாம். உகாலி, பீன்ஸ், ம்சிச்சாக் கீரை என்று தட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். விடியுமுன் எழுந்து பீன்ஸை வேகவைத்துவிடுவதால், கூலிக்காரன் காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கணக்கில் எரியும் கரிச்செலவும் பலபேருக்குப் பங்காகிவிடுகிறது. தெருவில் இரண்டு தட்டுகள் அருகருகே விற்கின்றன. கண்ணாடிப் பெட்டி வறுவல் ஒன்று, இந்த அம்மாவின் பானை ஒன்று. எந்தப் பக்கம் கால் திரும்புகிறது என்பதில் பசியோடு கௌரவமும் கலந்திருக்கிறது.

கௌரவம் என்றதும் என் வகுப்பில் நடந்தது நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி போத்தலில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருவாள். ஓய்வு நேரத்தில் கட்டடத்தின் பின்பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு குடிப்பாள். ஏன் என்று கேட்டேன். “சேத்துத் தண்ணி மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்க டீச்சர்” என்றாள். அன்று என் மேசைமேல் இருந்ததோ வெள்ளை ரொட்டியும் கலர் தண்ணீரும். பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு உறைத்தது.

மறுவாரம் உலகப் படத்தை இறக்கி வைத்து, ஆப்பிரிக்க மேட்டிலிருந்து கேழ்வரகு வந்த வழியையும், இங்கிருந்து வாழை போன வழியையும் விரலால் காட்டினேன். நானும் ஒரு போத்தல் கூழ் கொண்டுபோயிருந்தேன். எல்லாருக்கும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மூவர் ருசி பார்க்கக் கேட்டார்கள், ஒருவன் முகத்தைச் சுளித்தான். ஆனால் அந்தச் சிறுமி அதற்குப் பிறகு தன் இடத்திலேயே உட்கார்ந்து குடித்தாள்.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. பருப்பு, கீரை, முழுத் தானியம் என்று கூட்டும்போது ஒரே நாளில் கூட்டிவிடாதீர்கள், வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, பழக்கம் மாறிப் பல வாரம் நீடித்தாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் டாக்டரிடம் போங்கள்.

நம் பயணம் இத்துடன் முடிகிறது. மோஷி கடைக்காரரிடம் டோனாவும் இருக்கிறது, செம்பேயும் இருக்கிறது. அங்கே யாரோ ஒரு தாய் இந்த நேரம் கடை முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பாள். அடுத்த முறை நீங்கள் கடைக்குப் போகும்போது, அவளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.